சாய்தளத்திலிருந்து மலைச்சரிவுக்கு: பிரயோக கணிதத்தின் பட்டப்பின் கல்வியும் ஊவா மலையகமும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் எல்லவைக் கடந்து தெமோதரை நிலையத்தை அடைந்த பின்னர், மலையை ஒருமுறை வளைந்து சுற்றி, தான் சற்று முன்னர் தரித்து நின்ற நிலையத்தின் கீழாகவே சுரங்கமொன்றினுள் நுழைந்து வெளிவருகின்றது. பின்னர் உடுவரையையும் ஹாலிஎலயையும் தாண்டிப் பதுளையில் அப்பாதை முடிவடைகின்றது. 1924ஆம் ஆண்டில் பதுளைவரை நிறைவுற்ற இப்பாதையின் வளையம் பயணிகளுக்கு ஒரு வேடிக்கைக் காட்சி. கணிதம் பயில்வோருக்கோ அஃது ஓர் எளிய விகிதம். இறங்கவேண்டிய உயரத்தைப் பாதையின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. புகையிரதம் தாங்கக்கூடிய சாய்வுக்கு ஓர் எல்லையுண்டு. உயரத்தை நாம் மாற்ற முடியாது. எனவே நீளத்தைக் கூட்டவேண்டும். நீளத்தைக் கூட்ட இடமில்லாத மலையில் பாதை தன்னைத் தானே சுற்றிக்கொள்கின்றது.

ஊவா மலைகளுக்குக் கணிதம் புதிதன்று என்பதை இவ்வளையம் காட்டுகின்றது. மலை அளக்கப்பட்டது, தோட்டங்கள் எல்லையிடப்பட்டன, கொழுந்து நிறுக்கப்பட்டது, கூலி கணக்கிடப்பட்டது. ஆயின் அளந்தவர்களும் கணக்கிட்டவர்களும் ஒரு சாராராகவும், அளக்கப்பட்டவர்களும் கணக்கிடப்பட்டவர்களும் மற்றொரு சாராராகவும் இருந்து வந்தமையே இம்மலைகளின் சமூக வரலாறாகும். இவ்வரலாற்றின் பின்னணியில், பிரயோக கணிதத்தைப் பட்டப்பின் நிலையில் கற்பது என்பது யாது, அது ஹாலிஎலயின் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவனுக்கோ மாணவிக்கோ எவ்வகையிற் பொருளுடையதாகும் என்பனவற்றை விளக்க இக்கட்டுரையில் முனைகின்றோம்.

1. இரு நிலைக் கணிதங்கள்

எமது உயர்தர வகுப்புகளில் நெடுங்காலம் தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்களாக விளங்கின. நான்கு பாடங்களுக்குப் பதிலாக மூன்று பாடங்கள் என்ற மாற்றம் 2000ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த காலத்தில் அவ்விரண்டும் இணைந்த கணிதம் என ஒன்றாயின. பெயர் மாறினும் பிரயோக கணிதத்தின் பள்ளி வடிவம் பெரிதும் மாறவில்லை. கரடான சாய்தளத்தில் ஒரு துணிக்கை. ஒப்பமான கப்பியின் மேலாகச் செல்லும் இலேசான இழை. காற்றின் தடை புறக்கணிக்கத்தக்கது. மாணவன் செய்யவேண்டியது, தரப்பட்ட விசைகளைப் பிரித்துச் சமன்பாடு எழுதி விடை காண்பதே.

இவ்வினாக்களில் மிகக் கடினமான வேலையை வினாத்தாள் தயாரித்தவர் முன்னரே செய்து முடித்துவிடுகின்றார் என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உலகத்தில் இலேசான இழை இல்லை. ஒப்பமான கப்பியும் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற தீர்மானம் மாணவனுக்கு அப்பால் நிகழ்ந்து, 'புறக்கணிக்க' என்ற ஒரே சொல்லாக அவனிடம் வந்து சேர்கின்றது. முதற் பட்டப் படிப்பிலும் இந்நிலை பெருமளவு தொடர்கின்றது. நுண்கணிதமும் வகையீட்டுச் சமன்பாடுகளும் தாயங்களும் காவிப் பகுப்பும் அங்கு விரிவடைகின்றன. எனினும் பிரசினங்கள் தீர்க்கத்தக்கனவாகவே தெரிந்தெடுத்துத் தரப்படுகின்றன.

பட்டப்பின் கல்வியில் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. பிரசினம் தரப்படுவதில்லை, அதனை அமைத்துக்கொள்ள வேண்டும். எதைப் புறக்கணித்தோம் என்பதை நாமே தெரிந்து, அதற்கான நியாயத்தைக் கூறி, அதனால் விளையும் வழுவின் பருமனையும் மதிப்பிட வேண்டும். பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள், தொடர்பொருட் பொறியியல், எண்சார் பகுப்பாய்வு, நிகழ்தகவுக் கொள்கை, சார்புப் பகுப்பாய்வு, உத்தமப்படுத்தல் என்னும் பாடத் தலைப்புகள் யாவும் இவ்வொரு பொறுப்பை ஏற்பதற்கான கருவிகளே என்பது எமது கருத்து. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவது பொருத்தமாகும்.

2. ஒரு சாய்தளமும் ஒரு மலைச்சரிவும்

2014 ஒற்றோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் வரிசைகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் பெருமழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் கடும் உயிரிழப்பைச் சந்தித்தது. ஆகவே சாய்தளம் என்பது எமக்கு வெறும் பரீட்சை வினாவன்று. ஹாலிஎலச் சூழலில் வீடும் பாடசாலையும் தேயிலை மலையும் சாய்தளத்தின் மேலேயே அமைந்துள்ளன.

உயர்தர மாணவன் அறிந்த முடிபிலிருந்து தொடங்குவோம். கரடான சாய்தளத்தில் வைக்கப்பட்ட துணிக்கை, தளத்தின் சாய்வு உராய்வுக் கோணத்தை விஞ்சும்போதே வழுக்கும். துணிக்கையின் நிறை இம்முடிபில் இடம்பெறுவதில்லை. 30 பாகை சாய்ந்த மலையில் உராய்வுக் கோணம் 35 பாகையான மண் இருக்குமாயின், பள்ளிக் கணிதத்தின்படி அம்மண் என்றும் வழுக்காது. மண்துணிக்கைகளிடையே சிறிது பிணைவும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால் நிலை இன்னும் உறுதியாகின்றது. உராய்வையும் பிணைவையும் ஒருங்கே கருதும் இம்முறை பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் 1773இல் சமர்ப்பித்த ஆய்விலிருந்து வருவது.

ஆயினும் மலை வழுக்குகின்றது. பள்ளிக் கணிதம் இங்கு புறக்கணித்த பொருள் நீராகும்.

மண்ணின் நுண்டுளைகளில் நீர் நிரம்பும்போது அந்நீரின் அமுக்கம் துணிக்கைகளை ஒன்றிலிருந்தொன்று விலக்க முனைகின்றது. மேலுள்ள மண்ணின் நிறை மாறாதிருப்பினும், துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகின்றது. உராய்வு அவ்விசையையே சார்ந்ததாகலின் அதுவும் குறைகின்றது. மண்பொறியியலின் முதல்வராகக் கொள்ளப்படும் தெர்சாகி 1920களிலும் 1930களிலும் வகுத்தளித்த பயன்படு தகைப்புத் தத்துவம் இதுவேயாகும்.

எடுத்துக்காட்டுக்காகச் சில பெறுமானங்களை நாமே எடுத்துக்கொள்வோம். சாய்வு 30 பாகை. மண்படையின் ஆழம் 3 மீற்றர். மண்ணின் நிறை கன மீற்றருக்கு 18 கிலோநியூற்றன். உராய்வுக் கோணம் 35 பாகை. பிணைவு 5 கிலோபாசுக்கல். மண்படையைக் கீழ்நோக்கி இழுக்கும் தகைப்பு 23.4 கிலோபாசுக்கல் ஆகின்றது. உலர்ந்த நிலையில் அதனைத் தடுத்து நிறுத்தும் தகைப்பு 33.4 கிலோபாசுக்கல். தடுப்பதை இழுப்பதால் வகுக்கப் பெறப்படும் பாதுகாப்புக் காரணி 1.43. மலை நிற்கின்றது. இனி, சரிவுக்குச் சமாந்தரமாக நீர் வடியுமெனக் கொண்டு, நிலத்தடி நீர் அடியிலிருந்து மேலெழுவதாக எண்ணுவோம். நீர் 1.9 மீற்றர் உயரத்தை அடையும்போது பாதுகாப்புக் காரணி 1 ஆகின்றது. மேற்பரப்புவரை நிரம்பினால் அது 0.77ஆக வீழ்கின்றது. மலையின் சாய்வோ மண்ணின் தன்மையோ மாறவில்லை. மாறியது ஒரு நீர்மட்டம் மாத்திரமே.

இவ்வளவும் முதற் பட்டத்தின் எல்லைக்குள் அடங்கும். 1.9 மீற்றர் என்ற விடை கிடைத்தவுடன் முதற் பட்டதாரி பேனாவை மூடிவைக்கின்றான். பட்டப்பின் மாணவனின் வேலை அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

3. காலமும் ஆழமும்

அவன் எழுப்பும் முதல் வினா: மழை பெய்து எவ்வளவு நேரத்தில் நீர் அவ்வுயரத்தை எட்டும்?

ஹாலிஎலயின் மழை தனித்தன்மை உடையது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. மலையைக் கடந்து ஊவாவில் இறங்கும்போது அது உலர்ந்த காற்றாகவே வருகின்றது. யூலை முதல் செப்தெம்பர் வரையான அவ்வுலர் காலமே ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருவது. பெருமழை ஒற்றோபர் முதல் ஜனவரி வரை இடிமழையாகவும் தாழமுக்கங்களாகவும் வடகீழ்ப் பருவமழையாகவும் வருகின்றது. எனவே மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்த மண்ணில் சில வாரங்களுள் பெருந்தொகையான நீர் இறங்குகின்றது.

மண்ணினூடே நீர் செல்லும் வேகம் அமுக்கச் சாய்வுக்கு விகிதசமமானது என்பதை டார்சி 1856இல் வெளியிட்டார். முற்றாக நிரம்பாத மண்ணுக்கு அதனை விரித்து ரிச்சர்ட்ஸ் 1931இல் ஒரு பகுதி வகையீட்டுச் சமன்பாட்டை அமைத்தார். மண்ணின் ஈரம் கூடுந்தோறும் அது நீரை விடும் தன்மையும் மாறுவதால், அச்சமன்பாட்டில் தெரியாக் கணியமே குணகத்தினுள்ளும் புகுந்துவிடுகின்றது. ஒரு சில சிறப்பு நிலைகளிலன்றி அதனைக் கையால் தீர்க்க இயலாது. எனவே சரிவைச் சிறு கூறுகளாகப் பிரித்து எண்சார் முறையில் கணினி கொண்டு தீர்க்க வேண்டும்; அத்தீர்வு உண்மைத் தீர்வை அணுகுகின்றதா என்பதனையும் நிறுவ வேண்டும்.

ஆயின் கணினியிடம் செல்லுமுன் பரிமாணங்களை மட்டுமே நோக்கி ஒரு பெரும் உண்மையைப் பெறலாம். அமுக்கம் பரவல் முறையிற் செல்வதாகக் கொண்டால், அது ஓர் ஆழத்தை எட்ட எடுக்கும் காலம் அவ்வாழத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகவும், பரவற் குணகத்துக்கு நேர்மாறு விகிதசமமாகவும் இருக்கும். குணகம் செக்கனுக்கு 0.0001 சதுர மீற்றர் எனின், 3 மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 90,000 செக்கன்கள், அதாவது 25 மணித்தியாலங்கள் எடுக்கும். ஆழம் 6 மீற்றராயின் அது 100 மணித்தியாலமாகின்றது. குணகம் பத்திலொன்றான களிமண்ணில் 3 மீற்றருக்கே பத்து நாள்கள் செல்லும். மண்சரிவில் இக்கால அளவின் பங்கை அமெரிக்க ஆய்வாளர் இவர்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் தெளிவுபடுத்தினார்.

இதன் சமூகப் பொருளைக் கவனித்தல் வேண்டும். ஆழங்குறைந்த சரிவு ஒருநாட் பெருமழைக்கு அசைகின்றது. ஆழமான சரிவு பல நாள் மழையைச் சேமித்து, மழை ஓய்ந்த பின்னரும் அசையலாம். எமது நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கைக்கொள்ளும் மழையளவு எல்லைகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்பனவாகும். எளிமையும் விரைவும் உடைய இவ்வளவைகள் பல உயிர்களைக் காக்க வல்லன. எனினும் 24 மணி நேர மழைத்தொகையை மட்டும் நோக்கும் எவ்விதியும் மெதுவாக நிரம்பும் ஆழமான சரிவைக் காண இயலாது என்பதை மேற்கூறிய வர்க்க விதி ஒன்றே உணர்த்திவிடுகின்றது. 'மழை விட்டுவிட்டது, லயத்துக்குத் திரும்பலாம்' என்று எண்ணும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு உயிர் பற்றியது.

4. நன்கமைந்த பிரசினமும் நிச்சயமின்மையும்

இரண்டாவது வினா: நாம் பெற்ற விடையை எவ்வளவு நம்பலாம்?

பிரெஞ்சுக் கணிதவியலாளர் அடமார் 1902இல் நன்கமைந்த பிரசினம் என்பதற்கு மூன்று இலக்கணங்களைக் குறித்தார். தீர்வு இருத்தல் வேண்டும். அது ஒன்றேயாதல் வேண்டும். தரவுகள் சிறிது மாறினால் தீர்வும் சிறிதே மாறுதல் வேண்டும். முதலிரண்டும் தூய கணிதத்தார்க்கும் உரியன. மூன்றாவது, பிரயோக கணிதத்தின் மனச்சாட்சி எனத்தக்கது. ஏனெனில் எமது தரவுகள் ஒருபோதும் முற்றாகச் சரியானவையல்ல.

மேற்படி எடுத்துக்காட்டில் பிணைவை 5 கிலோபாசுக்கல் எனக் கொண்டோம். அது 3 ஆக இருந்தால் உலர்நிலைப் பாதுகாப்புக் காரணி 1.43இலிருந்து 1.34ஆக மட்டுமே குறைகின்றது. ஆயின் ஆபத்தான நீர்மட்டம் 1.9 மீற்றரிலிருந்து 1.5 மீற்றருக்கு இறங்கிவிடுகின்றது. ஒரு தோட்டத்தின் பிணைவு ஒரே பெறுமானமாக இருப்பதுமில்லை. மரங்களின் வேர்கள், தூர்ந்துபோன கான்கள், லயன் கட்டுவதற்காக வெட்டிய மண்மேடு, குளியலறை நீர் இறங்குமிடம் என்பன அடிக்கடி மாறும் தன்மையன. எனவே பட்டப்பின் மாணவன் பிணைவை ஓர் எண்ணாகக் கருதாது ஒரு நிகழ்தகவுப் பரம்பலாகக் கருதக் கற்கின்றான். ஆயிரக்கணக்கான எழுமாற்றுப் பெறுமானங்களுக்குக் கணித்தலை மீட்டும் மீட்டும் செய்து, 'சரியும்' அல்லது 'சரியாது' என்ற விடைக்குப் பதிலாக, இத்தனை மழைக்கு இத்தனை நிகழ்தகவு என்ற விடையைத் தருகின்றான்.

அவ்விடை தந்ததும் மற்றொரு வினா எழுகின்றது. எந்நிகழ்தகவில் மக்களை வெளியேற்றுவது? எல்லையைத் தாழ்த்தினால் வீண் எச்சரிக்கைகள் கூடும். உயர்த்தினால் தவறிய எச்சரிக்கைகள் கூடும். இரண்டின் விலையும் ஒன்றன்று. வீண் எச்சரிக்கையின் விலையைத் தொழிலாளியே கொடுக்கின்றாள். அன்றைய பேர் விழாது, சம்பளம் போகின்றது, பிள்ளைகளுடன் பாடசாலை மண்டபத்தில் இரவு கழிகின்றது. தவறிய எச்சரிக்கையின் விலை உயிர். அவ்விலையையும் அவளே கொடுக்கின்றாள். வெளியேறும் நாளுக்கும் சம்பளம் வழங்கப்படுமாயின் மக்கள் எச்சரிக்கைக்கு இணங்குவது எளிதாகும். எல்லையைத் தாழ்த்தவும் இயலும். இங்ஙனம் ஒரு தொழிலுரிமைக் கோரிக்கை ஒரு கணித மாதிரியுருவினுள் மாறியொன்றாக நுழைகின்றது.

1990களின் தொடக்கத்தில் மண்சரிவு இடர் வலய வரைபடங்களைத் தயாரிக்கும் பணி இந்நாட்டில் ஆரம்பமானபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. நிலவியல், மேல்மண், சாய்வு, நீரியல், நிலவுருவம், நிலப்பயன்பாடு ஆகிய காரணிகளுக்கு நிறையிட்டுக் கூட்டும் முறை அதிற் கையாளப்பட்டது. இக்காரணிகளுக்கு எவ்வளவு நிறை தருவது என்பதும் ஒரு பட்டப்பின் ஆய்வுப் பிரசினமே.

5. மாதிரியுருவை விசாரித்தல்

சமன்பாட்டைத் தீர்ப்பது ஒரு திறன். சமன்பாட்டையே கூண்டிலேற்றி விசாரிப்பது வேறொரு திறன். பின்னதற்கு எமது நாட்டுத் தமிழறிஞர் ஒருவரின் ஆய்வு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1918இல் பிறந்த கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக விளங்கி, 1959இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் 1968இல் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சென்று பணிபுரிந்து 2001இல் மறைந்தார்.

கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் அமைத்த இயக்கச் சமன்பாட்டை எலியேசர் 1943இல் ஓர் எளிய நிலைக்குப் பிரயோகித்தார். கவரும் மையமொன்றை நோக்கி இலத்திரன் நேர்கோட்டில் விழுகின்றது. சாதாரண அறிவு அது மையத்தை அடையும் எனக் கூறும். சமன்பாடோ அது மையத்தை அடையாது என்று கூறுவதை எலியேசர் நிறுவினார். கணித்தலில் வழுவில்லை, எனவே வியப்புக்குரிய அம்முடிபு சமன்பாட்டின் எல்லையையே சுட்டிற்று. தம் ஆசிரியரின் சமன்பாடாயினும் அதனை மிக எளிய நிலையில் வைத்துச் சோதித்து, அது எங்கு பொருந்தாது போகின்றதெனக் காட்டுவதற்குரிய துணிவே பட்டப்பின் பயிற்சியின் உச்சம் எனலாம். மழை எல்லையாயினும் இடர் வலய வரைபடமாயினும் இதே விசாரணைக்கு உரியனவே. அவற்றை மதிப்பதற்கான வழியும் அதுவேயாகும்.

6. நோக்கச் சார்பு யாருடையது?

பிரயோக கணிதம் இயற்கையோடு நின்றுவிடுவதில்லை. 1938இல் லெனின்கிராட்டில் ஒட்டுப்பலகை உற்பத்தி நிறுவனமொன்று தன் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் பிரசினத்தைக் கணிதவியலாளர் கன்ரரோவிச்சிடம் கொண்டுவந்தது. அதிலிருந்து அவர் உருவாக்கிய முறையே ஏகபரிமாணத் திட்டமிடலின் தொடக்கங்களுள் ஒன்று. இதற்காக 1975இல் கூப்மன்சுடன் சேர்த்து அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்முறையில் மூன்று உறுப்புகள் உள்ளன: தீர்மானிக்கவேண்டிய மாறிகள், மீறக்கூடாத கட்டுப்பாடுகள், உயர்த்தவேண்டிய நோக்கச் சார்பு. ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். எந்த மலையை எத்தனை நாளுக்கொருமுறை கொய்வது, எத்தனை பேரை அனுப்புவது என்பன மாறிகள். வேலை நேரம், தொழிலாளர் தொகை, தொழிற்சாலையின் கொள்ளளவு என்பன கட்டுப்பாடுகள். இலாபத்தை நோக்கச் சார்பாக வைத்து, தொழிலாளியின் உழைப்பைச் செலவாக எழுதினால் ஒரு விடை வரும். குடும்ப வருமானத்தை நோக்கச் சார்பாக வைத்து, இலாபத்துக்கு ஒரு கீழெல்லையைக் கட்டுப்பாடாக எழுதினால் வேறொரு விடை வரும். இரண்டும் கணிதப்படி சரியானவை. எதைத் தெரிவது என்ற வினாவுக்குக் கணிதத்தில் விடையில்லை. கணினி சொன்னது எனக் காட்டி இவ்வினாவை மறைப்பது அறிவியலாகாது.

அதே வேளை இக்கணிதம் தொழிலாளர் பக்கத்துக்கும் ஒரு கருவியைத் தருகின்றது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு நிழல் விலை உண்டு. கட்டுப்பாட்டை ஓர் அலகு இறுக்கினால் நோக்கச் சார்பு எவ்வளவு குறையும் என்பதை அது காட்டும். ஆபத்தான சரிவுகளுக்குக் கீழுள்ள மலைகளில் மழைநாள்களில் வேலை கூடாது என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தால் தோட்டத்துக்கு ஏற்படும் உண்மைச் செலவு எவ்வளவு? 'கட்டுபடியாகாது' என்ற சொல்லுக்கு எதிரே ஓர் எண்ணை வைக்கக்கூடியவர் எமக்குத் தேவை.

7. ஹாலிஎலயிலிருந்து செல்லும் பாதை

இத்தகைய பயிற்சி எமது மாணவர்க்கு எட்டுவது எவ்வாறு? 1940களில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனுக்கும் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை 1970களிலேயே தொடங்கியது. நாடற்றோராக எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே தீர்க்கப்பட்டது. ஆசிரியர் ஒருவர் எல்லா வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் நடத்திய பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கு உள்ள தூரம், மலையக வரலாற்றில் ஓரிரு தலைமுறைகளின் தூரமேயாகும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறையில் பதுளையும் பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வேற்பாடு முதற் பட்டத்தின் வாயிலைத் திறக்கின்றது. பட்டப்பின் கல்விக்கு அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. பேராதனையில் 1996இல் நிறுவப்பட்ட விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவனமும் கொழும்பு, மொறட்டுவை முதலிய பல்கலைக்கழகங்களும் முதுவிஞ்ஞானமாணிக் கற்கைகளை நடத்துகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை கட்டணத்துக்குரியவை. எமது இலவசக் கல்வி நடைமுறையில் முதற் பட்டத்துடன் நின்றுவிடுகின்றது எனலாம். முதற் சம்பளத்துக்காக லயத்தில் ஒரு குடும்பமே காத்திருக்கும்போது, கணிதப் பட்டதாரி ஆசிரியத் தொழிலுக்குச் செல்வது இயல்பு. அவர்களே மலையகப் பாடசாலைகளிற் கணிதப் பிரிவுகளைத் தாங்கி நிற்பவர்கள் என்பதையும் நன்றியுடன் குறிப்பிடவேண்டும்.

மொழி இரண்டாவது தடையாகும். 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் பயனாக ஆர்முடுகல், உந்தம், சடத்துவம், தகைப்பு என்னும் சொற்களிற் சிந்தித்து நாம் உயர்தரம்வரை வருகின்றோம். பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் மொழி ஆங்கிலமாகிவிடுகின்றது. பட்டப்பின் நிலையில் வாசிக்கவேண்டியன பாடநூல்களைவிட ஆய்வுக் கட்டுரைகளே. ஆங்கிலத்தைத் தேர்ச்சியுறக் கற்பது தவிர்க்க முடியாதது. எனினும் அக்கணிதத்தைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவரும் இல்லாவிடின், மழை இரவில் லயத்து மக்களுக்கு நிகழ்தகவு என்பதை விளக்கவும் ஒருவரும் இருக்கமாட்டார். பட்டப்பின் கணிதத்துக்குரிய கலைச்சொற்களை வகுத்தல், ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழிற் சுருக்கி வெளியிடுதல், பதுளையிலும் பண்டாரவளையிலும் உயர்தர மாணவர்க்கு ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துதல் என்பன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகள். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமும் கனிய வளங்களும் பாடங்களாக உள்ளன. அம்மலைகளிலேயே மழைமானியையும் நீர்மட்டக் குழாயையும் வைத்து அளக்கும் மாணவர் குழுவொன்று உருவாவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

8. முடிவாக

எமது விளக்கத்தைப் பிழையாகக் கொள்ளலாகாது. கணிதவியலாளர் தொகை கூடினால் மண்சரிவு மரணங்கள் தாமாகவே நின்றுவிடும் என்று நாம் கூறவில்லை. மீரியபெத்தை ஆபத்தான இடமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கு குறைவுபட்டது பாதுகாப்பான காணியும் அதில் ஒரு வீடுமாகும். தான் வாழும் நிலத்தில் உரிமையற்ற மனிதன், பாதுகாப்புக் காரணி 1க்குக் கீழ் இறங்கிவிட்டது என அறிந்தாலும் எங்கு செல்வான்? காணியுரிமைக்கான போராட்டத்தின் இடத்தைச் சமன்பாடு பிடிக்க முடியாது.

எனினும் அப்போராட்டத்துக்குச் சான்றும் அளவும் தேவை. எந்தச் சரிவு, எந்த மழைக்கு, எத்தனை நாளில், எவ்வளவு நிகழ்தகவுடன் அசையும் என்று கூற வல்லவர்கள் எமது மக்களிடையிருந்தே தோன்றுவார்களாயின், அவர்களது மாதிரியுருக்களில் இடம்பெறும் மாறிகளும் வேறாக இருக்கும். தூர்ந்த கானும், வெட்டிய மண்மேடும், இழந்த நாட்சம்பளமும் தொலைவிலிருந்து மலையைப் பார்ப்பவருக்குப் புறக்கணிக்கத்தக்க சிறு கணியங்களாகத் தோன்றலாம். ஹாலிஎலயின் லயமொன்றிற் பிறந்து, மழைக்காலத்தில் தந்தையுடன் கான் வெட்டிய மாணவிக்கு அவை சிறு கணியங்களல்ல. 'புறக்கணிக்க' என்ற சொல்லை வினாத்தாளிற் படித்து வளர்ந்த அவள், எதைப் புறக்கணிக்கலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் நிலைக்கு உயர்வதே பட்டப்பின் கல்வியால் நாம் வேண்டி நிற்பது.